ஆட்டம் முடிந்தும் தீராத ஊதிய பாக்கி

ஆண்டுதோறும் ஜூலை முதல் நாளன்று பாபி பொனியா என்ற முன்னாள் பேஸ்பால் வீரரின் கணக்கில் ஏறத்தாழ 11,93,248 டாலர் வரவு வைக்கப்படுகிறது. கொடுப்பது நியூயார்க் மெட்ஸ் அணி. அந்த அணிக்காகப் பொனியா கடைசியாக மட்டை பிடித்தது 1999-இல். விளையாட்டிலிருந்தே அவர் விலகியது 2001-இல். 2011-இல் தொடங்கிய இந்தத் தவணை 2035 வரை, மொத்தம் 25 முறை கொடுக்கப்பட வேண்டும். கடைசித் தவணையைப் பெறும்போது அவருக்கு வயது 72 ஆகியிருக்கும்.

அமெரிக்க ஊடகங்களுக்கு இது ஆண்டுதோறும் கிடைக்கும் நகைச்சுவை. '59 லட்சம் டாலர் கொடுத்து முடித்திருக்க வேண்டிய கணக்கை 3 கோடியாக்கிக்கொண்ட ஏமாளிகள்' என்று மெட்ஸ் அணியை எள்ளுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், இந்தக் கதையில் எள்ளலைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. மெட்ஸ் இன்றுவரை தீர்த்துக்கொண்டிருக்கும் இந்தக் கடனுக்கு மூலமான ஊதிய ஒப்பந்தத்தை எழுதியது மெட்ஸ் அணியே அன்று.

1996-ஆம் ஆண்டின் இறுதியில் பொனியாவுடன் நான்கு ஆண்டுகளுக்கு 2 கோடியே 33 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது ஃபுளோரிடா மார்லின்ஸ் அணி. 1997-இல் அந்த அணி கோப்பையை வென்றது. வென்ற கையோடு, செலவைக் குறைப்பதற்காக அதன் உரிமையாளர் முன்னணி வீரர்களை ஒவ்வொருவராகப் பிற அணிகளுக்குத் தள்ளிவிடத் தொடங்கினார். 1998 மே மாதம் பொனியா லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். அதே ஆண்டு நவம்பரில் அங்கிருந்து மெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ஒவ்வொரு முறையும் அவரோடு அவருடைய ஒப்பந்தமும் பயணம் செய்தது. அதன் இறுதி ஆண்டான 2000-க்கு உரிய ஊதியம்தான் அந்த 59 லட்சம் டாலர். அந்த ஆண்டு பிறந்தபோது ஒப்பந்தம் மெட்ஸ் கையில் இருந்தது. எனவே, கடனும் மெட்ஸ் தலையில் விடிந்தது. ஒப்பந்தத்தை எழுதிய மார்லின்ஸ் அணிக்கு இதில் ஒரு காசு பொறுப்பும் இல்லை.

ஒரு வீரரை வேறு அணிக்கு மாற்றும்போது அவருடைய ஒத்திவைக்கப்பட்ட ஊதியத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கான விடை இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

ஐபிஎல் போட்டிகளின் வாயிலாக வீரர் பரிமாற்றம் என்பது நமக்கும் பழகிவிட்டது. அமெரிக்க பேஸ்பாலில் அது நூறாண்டுகளுக்கும் மேலான நடைமுறை. அங்கே கைமாறுவது, சட்டப்படி பார்த்தால், ஆள் அல்ல, அவருடைய ஒப்பந்தம். முதல்நிலைப் போட்டிகளில் பத்தாண்டுகள் ஆடி, அவற்றில் கடைசி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவர்களும், மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டவர்களும் நீங்கலாக மற்றவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

எல்லா வீரர்களும் கையொப்பமிடும் பொது ஒப்பந்தப் படிவத்தில், இத்தகைய மாற்றம் குறித்துத் தெளிவான விதி உள்ளது. மாற்றத் தேதியிலிருந்து சேரும் ஊதியத்துக்குப் புதிய அணி பொறுப்பு. அதற்கு முன்பே சேர்ந்துவிட்ட ஊதியத்துக்குப் பழைய அணியே பொறுப்பு. அதாவது, எப்போது கொடுக்கப்படுகிறது என்பது பொருட்டல்ல. எப்போது ஈட்டப்பட்டது என்பதே பொருட்டு. பேஸ்பாலில் ஊதியம் பருவத்தின் நாள் கணக்கில் சேர்கிறது. ஜூலை மாத இறுதியில் ஒருவர் அணி மாறினால், அந்த நாள்வரை அவர் உழைத்துச் சேர்த்த தொகை, அது இருபது ஆண்டுகள் கழித்துத் தரப்பட வேண்டியதாக இருந்தாலும், பழைய அணியின் கணக்கேட்டிலேயே கடனாகத் தங்கிவிடுகிறது. இரு அணிகளும் தங்களுக்குள் பேசி வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அப்படி எதுவும் பேசப்படாவிட்டால் நிற்பது இந்த விதிதான்.

இதற்கு 2008 ஜூலை 31 நல்ல சான்று. அந்த ஆண்டின் பரிமாற்றக் கெடு முடிந்த நாள் அது. அன்று ஒரே நாளில் இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இடம் மாறினர். சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் கென் கிரிஃபி ஜூனியர் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்குப் போனார். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மானி ராமிரெஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார்.

கிரிஃபி 2000-ஆம் ஆண்டில் சின்சினாட்டியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு 11 கோடியே 65 லட்சம் டாலர். அதில் ஏறத்தாழ பாதி, 5 கோடியே 75 லட்சம் டாலர், 4 சதவீத வட்டியுடன் ஒத்திவைக்கப்பட்டது. அவர் சிகாகோ போன பிறகும், அங்கிருந்து தம் பழைய சியாட்டில் அணிக்குத் திரும்பிய பிறகும், 2010-இல் ஓய்வு பெற்ற பிறகும், 2016-இல் புகழரங்கில் இடம் பெற்ற பிறகும், சின்சினாட்டி ஆண்டுதோறும் சுமார் 35 லட்சத்து 90 ஆயிரம் டாலர் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2009-இல் தொடங்கி 2024-இல்தான் அது முடிந்தது. ராமிரெஸுக்குப் பாஸ்டன் தர வேண்டிய ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் 2011-இல் தொடங்கி 2026 வரை நீள்கிறது. அவருடைய மட்டையால் பாஸ்டன் அணி 2004-இலும் 2007-இலும் கோப்பை வென்றது. அன்று மைதானத்தில் ஆர்ப்பரித்த பள்ளிச் சிறுவன் இன்று வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் நுழைவுச் சீட்டு வாங்கும்போது அந்தப் பழைய வெற்றிக்கான விலையில் ஒரு சிறு பங்கையும் சேர்த்துத்தான் கொடுக்கிறான்.

பொனியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. மெட்ஸ் அவரை ஏற்றபோது 2000-ஆம் ஆண்டின் ஊதியம் இன்னும் சேரத் தொடங்கவில்லை. அதனால் அது முழுவதும் மெட்ஸின் பொறுப்பாயிற்று. அவருக்கு 2004 முதல் 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வீதம் இன்னொரு வரவும் உண்டு. அது மெட்ஸ் அணியில் முன்னர் ஆடி, 1995-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு மாற்றப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. ஒரே வீரர், இரண்டு வகைப் பாக்கி!

இனி, 59 லட்சம் எப்படி 3 கோடியை நெருங்கியது என்ற கணக்குக்கு வருவோம். வகுப்பறையில் நிகழ்கால மதிப்பு என்ற கருத்தை விளக்கும்போது நான் இந்த எடுத்துக்காட்டைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். 59 லட்சம் டாலரை 8 சதவீதக் கூட்டு வட்டியில் 2000 முதல் 2011 வரை பதினோரு ஆண்டுகள் வளரவிட்டால், அது ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சத்து 57 ஆயிரம் டாலர் ஆகிறது. அந்தத் தொகையை, மீதத்துக்கும் அதே 8 சதவீத வட்டி தொடர்ந்து சேர்ந்துவரும் வகையில் 25 சம தவணைகளாகப் பிரித்து, முதல் தவணையை உடனே கொடுத்தால், ஒரு தவணை எவ்வளவு? 11,93,248 டாலர். கணிப்பானைத் தட்டிய மாணவர்கள் ஒரு டாலர்கூடப் பிசகாமல் அந்த எண் வந்து நிற்பதைக் கண்டு வியப்பார்கள். 25 தவணைகளையும் கூட்டினால் 2 கோடியே 98 லட்சம். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. பொனியா மெட்ஸ் அணிக்கு 59 லட்சம் டாலரை 8 சதவீத வட்டிக்கு நீண்டகாலக் கடனாகக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வட்டி அதிகமா என்று கேட்கலாம். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரமே 6 சதவீதத்துக்கு மேல் ஈட்டிக்கொண்டிருந்தது. எனவே, 8 சதவீதம் என்பது அன்றைக்கு வரம்பு மீறிய வட்டியன்று. பின்னாளில் வட்டி விகிதங்கள் சரிந்ததால்தான் அது கொழுத்த வட்டியாகத் தோன்றுகிறது. மெட்ஸ் அணியின் அன்றைய உரிமையாளர்கள் பெர்னார்ட் மேடாஃப் என்பவரிடம் பெருந்தொகை முதலீடு செய்திருந்தார்கள். அவர் காட்டிய வருவாய் 8 சதவீதத்தைத் தாண்டியதாக இருந்தது. 8 சதவீதத்துக்குக் கடன் பெற்று அதைவிட உயர்ந்த வருவாய் பெறலாம் என்பது கணக்கு. 2008 டிசம்பரில் மேடாஃபின் முதலீடு முழுவதும் மோசடி என்று வெளிப்பட்டது. பிழை வட்டிக் கணக்கில் இல்லை. பணத்தை ஒப்படைத்த இடத்தில் இருந்தது. 2020-இல் அணியின் உரிமை ஸ்டீவ் கோயனுக்குக் கைமாறியது. பொனியாவின் தவணை மட்டும் ஓர் ஆண்டுகூடத் தவறவில்லை. வீரர் அணி மாறினால் பழைய கடன் பழைய அணியில் தங்குகிறது. அணியே உரிமையாளர் மாறினால் கடனும் அணியோடு புதியவரிடம் போகிறது.

பரிமாற்றத்தின்போது ரொக்கமும் கைமாறும். அதை ஒத்திவைக்கப்பட்ட ஊதியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 ஜூலையில் மாக்ஸ் ஷெர்சர் என்ற பந்து வீச்சாளரை மெட்ஸ் அணி டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு அனுப்பியபோது, அவருக்கு இனி டெக்சாஸ் தர வேண்டிய ஊதியத்துக்கு உதவியாகச் சுமார் 3.5 கோடி டாலரைத் தானே ஏற்றது. அது அணிக்கும் அணிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். பதிலுக்கு மெட்ஸ் ஓர் இளம் வீரரைப் பெற்றது. இதே ஷெர்சருக்கு அதற்கும் முன்னர் ஆடிய வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, 2015-இல் எழுதிய 21 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஒத்திவைத்த பாதித் தொகையை ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் வீதம் 2028 வரை கொடுக்க வேண்டும். இது அணிக்கும் வீரருக்கும் இடையிலான கடன். அவர் எத்தனை அணி மாறினாலும் இந்தக் கடன் அவரைப் பின்தொடர்ந்து ஊர் ஊராக அலைவதில்லை.

வீரர் தாமே முன்வந்து ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. 2003 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகெஸ் டெக்சாஸிலிருந்து பாஸ்டனுக்கு மாற விரும்பி, ஒப்பந்தத்தின் மதிப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். வீரர்கள் சங்கம் மறுத்துவிட்டது. ஒருவர் விட்டுக்கொடுத்தால் நாளை எல்லோரிடமும் அதைக் கேட்பார்கள் என்பது சங்கத்தின் கவலை. எந்தத் தொழிற்சங்கத்திலும் இருந்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். பரிமாற்றம் கைவிடப்பட்டது. சில வாரங்களில், 2004 பிப்ரவரியில், அவர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனார். அவருக்குத் தர வேண்டியதாக மீதமிருந்த 17.9 கோடி டாலரில் 6.7 கோடியை டெக்சாஸ் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டது. ஏற்கெனவே ஒத்திவைக்கப்பட்ட ஊதியமும் அதில் அடக்கம்.

இந்த ரோட்ரிகெஸின் பாக்கிதான் ஆறாண்டுகள் கழித்து இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டியது. 2010 மே மாதம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி திவால் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அப்போது தாக்கல் செய்யப்பட்ட, பிணையம் இல்லாமல் கடன் கொடுத்தோர் பட்டியலில் முதல் பெயர் ஒரு வங்கியினுடையதன்று, அலெக்ஸ் ரோட்ரிகெஸினுடையது. டெக்சாஸ் அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 2 கோடியே 49 லட்சம் டாலர். அடுத்த பெயர் கெவின் மில்வுட், 1 கோடியே 29 லட்சம் டாலர். அவரும் அதற்குள் பால்டிமோருக்கு மாற்றப்பட்டுவிட்டார். அணியில் அப்போதும் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் யங்கும் அந்தப் பட்டியலில் இருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர்களும் இருந்தனர்.

போட்டி அணிக்காக ஆடிக்கொண்டே பழைய அணியின் மிகப் பெரிய கடனாளராக ஒருவர் இருக்க நேர்ந்த விந்தை அது. அந்த ஆகஸ்ட் மாதம் ஏலத்தில் அணி விற்கப்பட்டது. வீரர்களுக்குரிய பாக்கிகளைப் புதிய உரிமையாளர்கள் ஏற்றனர். அக்டோபரில் அதே டெக்சாஸ் அணி யாங்கீஸை வீழ்த்தி முதன்முறையாக உலகத் தொடர் இறுதிக்கு முன்னேறியது. அந்த ஆட்டத்தின் கடைசி விக்கெட், நம் கிரிக்கெட் மொழியில் சொன்னால், ரோட்ரிகெஸ்தான். பணம் தர வேண்டியவர்களிடமே ஆட்டமிழந்து வெளியேறினார்.

அணியை வாங்க ஆள் இருந்ததால் அவர்கள் பணம் தப்பியது. இல்லாமற்போயிருந்தால்? பிணையம் பெற்ற வங்கிகள் முதலில் எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சியதில்தான் வீரர்களுக்குப் பங்கு கிடைத்திருக்கும். ஒத்திவைக்கப்பட்ட ஊதியத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இது. அது சேமிப்பு அன்று. வங்கி வைப்பும் அன்று. முதலாளிக்குத் தொழிலாளி கொடுத்த பிணையமற்ற கடன்.

வேறொரு விளையாட்டில் இந்தக் கடனே உடைமையாக மாறியதும் உண்டு. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் என்ற பனி ஹாக்கி அணி 1998-இல் திவாலானபோது, அதன் முன்னாள் நட்சத்திரம் மாரியோ லெமியூவுக்கு 3 கோடி டாலருக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட ஊதியம் பாக்கி இருந்தது. அந்தப் பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டு 1999-இல் அவரே அணியின் உரிமையாளர்களுள் ஒருவரானார்! ஆனால், இது விதிவிலக்கு.

பணத்தை வீரரின் பெயரிலேயே தனியாக ஒதுக்கிப் பூட்டிவிட்டால் இந்த அச்சம் தீர்ந்துவிடாதா? தீரும். ஆனால், வரிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மற்றக் கடன்காரர்கள் தொட முடியாதபடி அந்தப் பணம் வீரருக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டால், அது அவர் கைக்கு வந்துவிட்டதாகவே கருதி அமெரிக்க அரசு உடனே வருமான வரி கேட்கும். வரியையும் ஒத்திவைக்க வேண்டுமானால், அந்தத் தொகை அணியின் சொத்தாகவே, அணிக்குக் கடன் கொடுத்தவர்களின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். வரிச் சலுகையின் விலை, பாதுகாப்பின்மை. இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

இதற்கு இடைப்பட்ட ஒரு வழியைத்தான் பேஸ்பாலின் கூட்டுப் பேர ஒப்பந்தம் கண்டிருக்கிறது. எவ்வளவு ஊதியத்தை வேண்டுமானாலும் ஒத்திவைக்கலாம், உச்சவரம்பு இல்லை. ஆனால், ஒரு பருவத்தில் ஈட்டப்பட்டு ஒத்திவைக்கப்பட்ட தொகையின் நிகழ்கால மதிப்பு முழுவதையும், அந்தப் பருவத்துக்குப் பின் வரும் இரண்டாவது ஜூலை முதல் நாளுக்குள் அணி ஒதுக்கி வைத்துவிட வேண்டும். நட்சத்திரங்களின் ஊதியத்தை ஏராளமாக ஒத்திவைத்து 2001-இல் கோப்பையை வென்ற அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அணி, மூன்றே ஆண்டுகளில் ஒரு பருவத்தில் 111 ஆட்டங்களைத் தோற்கும் நிலைக்கு வீழ்ந்ததைக் கண்டவர்களுக்கு இத்தகைய விதியின் தேவை விளங்கும்.

இந்தப் பின்னணியில்தான் ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி அவருடன் பத்தாண்டுகளுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தபோது உலகமே வாய் பிளந்தது. அதில் ஆடும் காலத்தில் அவர் கையில் பெறுவது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் மட்டுமே. மீதி 68 கோடி, ஆண்டுக்கு 6.8 கோடி வீதம் 2034 முதல் 2043 வரை தரப்படும். வட்டி இல்லை. பொனியா 8 சதவீதம் கேட்டார். கிரிஃபி 4 சதவீதம் கேட்டார். ஓட்டானி எதுவுமே கேட்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 6.8 கோடி, 4.43 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால், இன்றைக்கு 4.4 கோடிக்குச் சமம். கையில் வாங்கும் 20 லட்சத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4.6 கோடி. அணிகளின் மொத்த ஊதியச் செலவு வரம்பு மீறினால் விதிக்கப்படும் தண்ட வரிக்கும் இந்தத் தொகைதான் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே, 70 கோடி என்று செய்தியில் வந்த ஒப்பந்தத்தின் உண்மையான பெறுமானம் 46 கோடிதான்.

இதில் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு ஒரு மனக்குறை. ஒத்திவைக்கப்பட்ட ஊதியத்தைப் பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்குச் சம தவணைகளாகப் பெறுபவரிடம், அவர் அப்போது குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வரி வாங்கலாம் என்று 1996-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் கூறுகிறது. ஓய்வூதியர்களைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. ஓட்டானி 2034-க்குள் ஜப்பான் திரும்பிவிட்டாலோ, வருமான வரியே இல்லாத ஃபுளோரிடா போன்ற மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலோ, 13 சதவீதத்துக்கு மேல் வரி விதிக்கும் கலிஃபோர்னியாவுக்கு அந்த 68 கோடியிலிருந்து ஒன்றும் கிட்டாது. அவருடைய தவணைகள் மிகச் சரியாகப் பத்து என்பதைக் கவனிக்க வேண்டும். மாநிலத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி 2024 ஜனவரியில், இந்தச் சலுகைக்கு வரம்பு விதிக்குமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.

ஓட்டானியின் ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது வேறொரு விதி. அணியின் முதன்மை உரிமையாளர் மார்க் வால்டரோ, அணியை நடத்தும் ஆண்ட்ரூ ஃபிரீட்மேனோ பொறுப்பிலிருந்து விலகினால், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறும் உரிமை ஓட்டானிக்கு உண்டு. வழக்கமாக ஒரு நிறுவனத்துக்குப் பெருங்கடன் கொடுக்கும் வங்கிதான், நிர்வாகம் மாறினால் கடனை மறுபரிசீலனை செய்வோம் என்று நிபந்தனை போடும். தாம் வெறும் ஊழியர் அல்லர், கடன் கொடுத்தவர் என்பதை ஓட்டானி உணர்ந்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் முறித்துக்கொண்டு போனாலும், ஒருவேளை வேறு அணிக்கு மாற்றப்பட்டாலும், அதுவரை ஆடிய பருவங்களுக்கான 6.8 கோடிகள் டாட்ஜர்ஸ் கணக்கில்தான் நிற்கும்.

ஓட்டானிக்குப் பிறகு டாட்ஜர்ஸ் மேலும் பலருடைய ஊதியத்தை ஒத்திவைத்தது. அந்த அணியின் இத்தகைய எதிர்காலப் பொறுப்பு இப்போது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை அதற்கே கிடைத்ததால், ஒத்திவைப்பையே தடை செய்ய வேண்டும் என்று பிற அணிகளின் ரசிகர்கள் பேசுகின்றனர். இப்போதைய கூட்டுப் பேர ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைவதால், இந்தப் பேச்சு வலுக்கக் கூடும்.

தடை தேவையில்லை என்பது என் கருத்து. தண்ட வரியை நிகழ்கால மதிப்பில் கணக்கிடுவதால் ஒத்திவைப்பு மூலம் ஓர் அணி வரம்பை ஏய்த்துவிட முடியாது. ஓட்டானியின் 46 கோடியை எந்த அணியும் நேரடி ஊதியமாகக் கொடுத்திருக்கலாம். விவாதிக்க வேண்டியது வேறு. ஒதுக்கி வைக்க அணிக்குத் தரப்படும் கால அவகாசம் ஏறத்தாழ இருபது மாதங்கள். இதை ஒரே ஆண்டாகக் குறைப்பதில் பணக்கார அணிகளுக்கு இழப்பில்லை. வருவாய் குறைந்த அணிகள் தாங்கும் அளவுக்கு மேல் வாக்களிப்பது அதனால் குறையும். வீரர் மாற்றப்பட்டதும், பழைய அணி அவருக்காக ஒதுக்கியுள்ள தொகை எவ்வளவு என்பதை அவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும் விதி செய்யலாம். ஓட்டானிக்கு அது தேவைப்படாது. அவருக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் திவாலின்போது பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தார்களே, பத்துப் பன்னிரண்டு லட்சம் டாலருக்காகக் காத்திருந்த ஓய்வு பெற்ற வீரர்கள், அத்தகையோருக்குத்தான் அது தேவை. நிலுவைத் தொகை வைப்பு நிதியில் சேர்க்கப்படும் என்ற ஆணைகளைப் படித்துவிட்டு, சேர்க்கப்பட்டதா என்று பல ஆண்டுகள் விசாரித்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2035 ஜூலை முதல் நாளன்று பொனியா தம் இருபத்தைந்தாவது தவணையைப் பெற்றுக்கொள்வார். அந்த ஆண்டில் ஓட்டானிக்குத் தரப்பட வேண்டியது அவருடைய இரண்டாவது தவணை. இன்னும் எட்டு மீதமிருக்கும்.